சுவிட்ச் போடாத ட்யூப்லைட்

ஆவடி,
17.8.1986

திரு. நாகேந்திரன் அவர்களுக்கு,

லோகநாயகி எழுதுவது. எம்.எஸ்ஸி.யில் இரண்டு வருடம் உங்களுக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்தவள். மறந்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

நேற்று அம்பத்தூர் நூலகத்தில் உங்கள் புத்தகத்தைப் பார்த்தேன். 'தானாக வரும் ஒளி'. அட்டையில் உங்கள் பெயர் மட்டும். உள்ளே பன்னிரண்டு அத்தியாயம். சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி இயற்பியலைத் தமிழில் எழுதலாம் என்று நாம் இருவரும் பட்டாபிராம் ஸ்டேஷனில் உட்கார்ந்து, ரயிலைத் தவறவிட்டுத் தவறவிட்டுப் பேசிப் பிரித்த அதே பன்னிரண்டு. ஏழாவதைத் திறந்தேன். அணுக்கள் ஏன் தாமாகவே ஒளியை விடுகின்றன என்று சொல்லும் அத்தியாயம். அது முழுக்க என் எழுத்து. படித்துவிட்டுத் தருகிறேன் என்று போன தை மாதம் வாங்கிப் போன என் நோட்டிலிருந்து ஒரு கால்புள்ளிகூட விடாமல் இறக்கியிருக்கிறீர்கள்.

முன்னுரையின் கடைசி வரியில் நானும் இருக்கிறேன். "கையெழுத்துப் படி எடுத்து உதவிய செல்வி லோகநாயகிக்கு நன்றி." படி எடுத்து உதவினேனாம். அந்த வரியைப் படித்தபோது உடம்பெல்லாம் எரிந்தது.

அப்பாவிடம் சொன்னேன். அவர் தொழிற்சாலையில் வார்ப்புப் பிரிவில் இருக்கிறார். "எங்க ஷாப்புல எவன் செஞ்ச பீஸோ அவன் நம்பரை அதுல குத்திடுவோம்மா. இது இன்னா நாயம்?" என்றார். இருபது வருடம் ஆவடியில் இருந்து அவர் பேச்சே மாறிப்போய்விட்டது. நியாயம் மாறவில்லை.

அடுத்த பதிப்பில் அட்டையில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர் வர வேண்டும். வராவிட்டால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

லோகநாயகி


பூந்தமல்லி,
29.8.1986

அன்புள்ள லோகநாயகிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பத்து நாள் பதில் எழுதாமல் இருந்தேன். எழுதினால் தடித்த வார்த்தை வந்துவிடும் என்று பயம்.

ஒரே பெயர் போதும் என்று சொன்னவர்கள் பதிப்பகத்தார். இரண்டு பெயர் போட்டால் பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது, யாரும் தொட மாட்டார்கள் என்றார்கள். நான் முதல் புத்தகம் போடுகிறவன். வாதாடும் இடத்தில் நான் இல்லை. தவிர, ஏழு உங்களுடையது என்றே வைத்துக்கொள்வோம். மீதி பதினொன்றை யார் எழுதியது? அப்பாவின் லேத் பட்டறைக்கு மேல்மாடியில், அந்தச் சத்தத்தில், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நான் எழுதினேன்.

பெயரைப் பற்றிப் பேசுகிறீர்கள். இரண்டாம் வருடக் கருத்தரங்கில் நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது எழுந்து நின்று, "ஒரு ரெண்டு விட்டுப்போச்சு, இந்தக் கணக்குல பாதி அணுதான் இறங்கும்" என்றீர்கள். துறைத் தலைவரிலிருந்து அட்டெண்டர்வரை சிரித்தார்கள். படிப்பு முடியும்வரை எனக்குப் 'பாதி அணு' என்றுதான் பெயர். அந்தப் பெயரை வைத்தது நீங்கள். ஒரு நாளாவது வருத்தம் தெரிவித்தீர்களா?

அம்மா கடிதத்தைப் பார்த்துவிட்டு, "அந்த ஆவடிப் பொண்ணா? பேரு போடலன்னா சோறு எறங்கலியாமா அதுக்கு?" என்று கேட்டாள்.

கொஞ்ச நாள் போகட்டும். உங்கள் கோபம் தானாக இறங்கிவிடும்.

அன்புடன்,
நாகேந்திரன்


ஆவடி,
5.9.1986

திரு. நாகேந்திரன் அவர்களுக்கு,

ஏழாம் அத்தியாயத்தை நீங்கள் படிக்கவில்லை, காப்பி மட்டும் அடித்திருக்கிறீர்கள் என்பது உங்கள் கடைசி வரியிலிருந்து தெரிகிறது. தொண்ணூற்று மூன்றாம் பக்கம் பாருங்கள். சக்தியை வாங்கி மேல்மட்டத்தில் ஏறி நிற்கும் அணுவுக்கு வயது கிடையாது. இப்போதுதான் ஏறிய அணுவுக்கும், ரொம்ப நேரமாக நின்றுகொண்டிருக்கும் அணுவுக்கும், அடுத்த நொடியில் இறங்குவதற்கு ஒரே அளவு வாய்ப்புதான். நின்றதால் அதற்குக் கால் வலிப்பதில்லை. என் கோபத்தையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

போகட்டும். புத்தகத்தின் ஆசிரியர் என்ற முறையில் உங்களிடம் ஒரு கேள்வி.

கணக்குப்படி பார்த்தால், யாரும் தொடாமல் தனியாக விட்ட அணு, ஏறிய மட்டத்திலேயே காலகாலத்துக்கும் நிற்க வேண்டும். ஆனால் நிற்பதில்லை. ஒளியை விட்டுவிட்டு இறங்கிவிடுகிறது. ஏன்? ஒளியே இல்லாத வெற்றிடம்கூடச் சும்மா இருப்பதில்லை, அதிலும் மின்புலம் எந்நேரமும் நடுங்கிக்கொண்டிருக்கிறது, அந்த நடுக்கம் அணுவைத் தட்டிக் கீழே தள்ளுகிறது. இதுதானே உங்கள் புத்தகம் சொல்லும் விளக்கம்? படிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

மேலே நிற்பதைக் கீழே தள்ளும் நடுக்கம், கீழே கிடப்பதை ஏன் மேலே தள்ளவில்லை? இரண்டுக்கும் ஒரே நடுக்கம்தானே? அப்படித் தள்ளினால், சுவிட்ச் போடாத ட்யூப்லைட்டுக்குள் இருக்கும் பாதரச அணுக்கள் தாமாகவே ஏறி, தாமாகவே இறங்கி, விடிய விடிய எரிய வேண்டும். எங்கள் குவார்ட்டர்ஸில் அப்படி எரியவில்லை. பூந்தமல்லியில் எப்படி என்று தெரியாது.

பதிலை எதிர்பார்க்கிறேன்.

லோகநாயகி


பூந்தமல்லி,
22.2.1987

லோகநாயகிக்கு,

உங்கள் கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை. எழுதத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. ஆறு மாதமாக அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

போன புதன்கிழமை ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு நேர்காணல். எந்தக் கல்லூரி என்று உங்களுக்குத் தெரியும். ஏனென்றால் அதே கேள்வியை எழுதி நீங்கள் போட்ட தபால் கார்டு எனக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. மேஜைமேல் என் புத்தகம், அதன்மேல் உங்கள் கார்டு. நடுவில் இருந்தவர் வரி பிசகாமல் படித்துக் காட்டினார். கீழே கிடக்கும் அணுவுக்கு ஏறுவதற்குச் சக்தி போதாது என்றேன். "நடுக்கத்துலயே சக்தி இருக்குன்னு நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க?" என்றார். பக்கத்தில் இருந்தவர், "அப்போ உங்க வீட்டு ட்யூப்லைட்டுக்கு சுவிட்சே வேணாமா சார்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்புத்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. பத்திரிகைக்குக் கார்டு, நூலகத்துக்குக் கார்டு, நான் பாடம் நடத்தும் டுடோரியலுக்கும் கார்டு. இப்போது வகுப்புக்குள் நுழைந்தாலே "ட்யூப்லைட்" என்று யாராவது முனகுகிறார்கள்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். பதில் தெரிந்துதான் கேட்டீர்களா?

நாகேந்திரன்


ஆவடி,
2.3.1987

திரு. நாகேந்திரன் அவர்களுக்கு,

தெரிந்துதான் கேட்டேன். மொத்தம் நாற்பது கார்டு. எல்லாவற்றிலும் என் பெயரும் விலாசமும் தெளிவாக இருக்கும். மொட்டைக் கடிதம் எழுதும் பழக்கம் எனக்கு இல்லை.

வேறொரு பழக்கம் உண்டு. எதை எழுத உட்கார்ந்தாலும், படிக்கிறவர்கள் சட்டென்று நம்பிவிடக்கூடிய தப்பான பதிலை முதலில் எழுதுவேன். ஏனோதானோவென்று இல்லை. அதுதான் உண்மை என்று நானே நம்புகிற அளவுக்கு எழுதுவேன். பிறகு அதைக் கேள்வி கேட்டு உடைப்பேன். உடைந்த இடத்தில்தான் சரியான பதிலை வைப்பேன். நீங்கள் வாங்கிப் போனது எண்பது பக்க நோட்டு. தப்பான பதில் முடிந்த இடத்தில் நோட்டும் முடிந்துவிட்டது. கேள்வியும் பதிலும் இரண்டாவது நோட்டில். அது என் பீரோவில், புடவைகளுக்கு அடியில் இருக்கிறது.

முதல் நோட்டைப் படித்தபோது உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருந்தால், "மீதி எங்கே?" என்று கேட்டிருப்பீர்கள். கேட்டிருந்தால் அன்றே கொடுத்திருப்பேன்.

நேர்காணலைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். சந்தோஷமாக இருந்தது. பாவம் என்று தோன்றுகிறதா என்று கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். தோன்றவில்லை.

அட்டையில் என் பெயர் வராமல் இரண்டாவது நோட்டு உங்கள் கண்ணில் படாது.

லோகநாயகி


பூந்தமல்லி,
11.6.1990

அன்புள்ள லோகநாயகிக்கு,

மூன்று வருடம் கழித்து எழுதுகிறேன். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பட்டாபிராமில் பள்ளிக்கூட ஆசிரியையாகச் சேர்ந்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். நான் இன்னும் அதே டுடோரியலில்தான் இருக்கிறேன்.

'தானாக வரும் ஒளி' திருத்திய பதிப்பாக வந்தால், நூலகங்களுக்கு அறுநூறு பிரதி எடுத்துக்கொள்வதாக ஆணை வந்திருக்கிறது. உங்கள் பெயரைப் போடுகிறேன். நிச்சயமாகப் போடுகிறேன். இரண்டாவது நோட்டை அனுப்பி வையுங்கள்.

இன்னொன்றையும் சேர்க்கலாம். அணுவை இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே நெருக்கி விட்டால், அது விட வேண்டிய ஒளிக்கு அங்கே இடமில்லாமல் போகிறது. அதனால் இறங்காமல் வெகுநேரம் மேலேயே நிற்கிறது. வெளிநாட்டில் ஐந்து வருடத்துக்கு முன்பே செய்து பார்த்துவிட்டார்களாம். அதைப் படித்தபோது உங்களிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. வேறு யாரிடம் சொல்வது? பட்டாபிராம் ஸ்டேஷனில் பேசிய மாதிரி அதற்குப் பிறகு நான் யாரோடும் பேசியதில்லை.

போதும் லோகநாயகி. இருவரும் இறங்கிவிடலாம்.

அன்புடன்,
நாகேந்திரன்


ஆவடி,
20.6.1990

திரு. நாகேந்திரன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த மறுநாளே உங்கள் அம்மா கெங்கம்மாள் வந்து நின்றார்கள். பஸ்ஸில் தனியாக வந்திருக்கிறார்கள். "ஏம்மா, அந்த நோட்டுல இன்னா, வூட்டுப் பத்தரமா கீது? குட்த்துட்டா இன்னா கொறஞ்சுடப் போற? எம்புள்ள ஒய்ங்கா துன்றதில்ல, யார்கூடவும் பேசறதில்ல, பேயறஞ்ச மாரி ஒக்காந்துகினு கீறான்" என்றார்கள். காபி கொடுத்தேன். "உங்க பிள்ளை ஏற்கெனவே ஒரு நோட்டு வாங்கிட்டுப் போனாரும்மா. அதுக்கே இன்னும் எனக்குப் பேர் வரலை" என்றேன். "அத்த நான் அவனாண்ட கேக்கறேன்" என்று டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் போன பிறகு எனக்கு மனசு சரியில்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

ஆனால் 'நிச்சயமாக' என்ற வார்த்தையை நீங்கள் என்னிடம் சொல்வது இது முதல் தடவை இல்லை. என் நோட்டை வாங்கிக்கொண்டு போனபோதும் நிச்சயமாகத் தருகிறேன் என்றுதான் சொன்னீர்கள்.

ஆகவே முதலில் பெயர், பிறகு நோட்டு. என் பெயரை அச்சில் பார்க்க வேண்டும். பார்த்த அன்றே நோட்டு தபாலில் சேர்ந்துவிடும். தப்பு இருப்பது உங்கள் புத்தகத்தில். அவசரமும் உங்களுக்குத்தான்.

லோகநாயகி


பூந்தமல்லி,
4.3.1991

செல்வி லோகநாயகி அவர்களுக்கு,

நீங்கள் கேட்டபடியே செய்துவிட்டேன். முதலில் பெயர்.

புத்தகத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். 'திருத்திய இரண்டாம் பதிப்பு' என்று அட்டையில் இருக்கும். அதில் உங்கள் பெயரைத் தேட வேண்டாம். எண்பத்தேழாம் பக்கத்தைத் திறங்கள். 'ஏழாம் அத்தியாயம். எழுதியவர்: லோகநாயகி, எம்.எஸ்ஸி., ஆவடி.' படிக்கிறவர்கள் யாரிடம் போய்க் கேட்பது என்று தவிக்கக் கூடாதே என்று ஊரையும் போட்டேன். உங்கள் எழுத்தில் ஒரு கால்புள்ளியைக்கூட நான் தொடவில்லை. நீங்கள் எண்பது பக்க நோட்டில் எப்படி எழுதினீர்களோ, அப்படியே இருக்கிறது.

முன்னுரையில் நன்றி வரியை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது இருப்பது: "இந்நூலில் ஏழாம் அத்தியாயம் மட்டும் என்னுடையதன்று. அதன் குறைநிறைகள் அதை எழுதியவரையே சேரும்." உண்மையைத்தானே எழுதியிருக்கிறேன்?

போன ஜூனில் நான் உண்மையாகவே இறங்கி வந்தேன். என் தாயார் உங்கள் வாசலில் வந்து நின்றும் உங்களுக்கு மனம் வரவில்லை. அன்றைக்குத்தான் இதை முடிவு செய்தேன்.

அறுநூறு பிரதியும் நூலகங்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. இனி அச்சடிக்க மாட்டார்கள். இரண்டாவது நோட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நேர்காணலில் நான் சிரித்த சிரிப்பை இனி நீங்கள் சிரிக்கலாம்.

நாகேந்திரன்


ஆவடி,
19.5.1991

நாகேந்திரன்,

உங்கள் பார்சல் வந்த அன்று எண்பத்தேழாம் பக்கத்தைத்தான் முதலில் திறந்தேன். என் பெயரை அச்சில் பார்த்ததும் சந்தோஷப்பட்டேன். ஒரு நிமிடம் இருக்கும். அதற்குப் பிறகுதான் உங்கள் கடிதத்தைப் பிரித்தேன். அப்பா வேலையிலிருந்து வருகிறவரைக்கும் அழுதேன்.

பத்தே நாளில் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நான் நாற்பது கார்டில் எழுதிய கேள்வி என்னிடமே திரும்பி வந்தது. "லோகா, உங்க வீட்டுல சுவிட்ச் இல்லாமலே லைட் எரியுமாமே?" என்று நாகம்மாள் டீச்சர் எல்லோர் முன்னாலும் கேட்டார். நானும் சிரித்தேன். நீங்கள் சொன்னது சரி. அந்தச் சிரிப்பு ஆறாது.

பிறகு கோடை விடுமுறை வந்தது. முதல் நாளே பட்டாபிராம் நூலகத்துக்குப் போனேன். பீரோவிலிருந்து எடுத்த நோட்டும் ஒரு பேனாவும் கையில் இருந்தன. ஏழாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில் பாதி காலியாக விட்டிருக்கிறார்கள். நல்லதாகப் போயிற்று. அதில் பொடி எழுத்தில் இதை எழுதினேன்:

"மேலே படித்தது பாதிப் பதில்தான். வெற்றிடத்தின் நடுக்கம் மட்டும் அணுவை இறக்குவதில்லை. எலக்ட்ரான் அசையும்போது தன்னைச் சுற்றித் தானே ஒரு புலத்தை உண்டாக்குகிறது. அந்தப் புலம் திரும்பி வந்து அதையே பிடித்து இழுக்கிறது. எந்த மட்டத்தில் நின்றாலும் சக்தியைப் பிடுங்கும் திசையில்தான் இழுக்கும். மேல்மட்டத்தில் வெற்றிடத்தின் நடுக்கமும் அணுவின் சொந்தப் புலமும் ஒரே பக்கமாகத் தள்ளுகின்றன, அணு ஒளியை விட்டு இறங்குகிறது. கீழ்மட்டத்தில் நடுக்கம் மேலே தள்ளுகிறது, சொந்தப் புலம் கீழே இழுக்கிறது. இரண்டும் சரிக்குச் சரி. அதனால் கீழே கிடக்கும் அணு கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. சுவிட்ச் போடாத ட்யூப்லைட் எரியாததற்குக் காரணம் இதுதான்."

நூலகர் மதுரைவீரன் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "யம்மா, இன்னா பண்ணிகினு கீற? புக்குல கிறுக்கக் கூடாதுன்னு அம்மாம்பெரிய போர்டு வச்சுகீறோம்." எண்பத்தேழாம் பக்கத்தையும் என் உறுப்பினர் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். "இது நான் எழுதினது சார். தப்பா அச்சாயிடுச்சு. திருத்துறேன்" என்றேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "ஒம்பேருதான். செரி, ஒன்னிதுன்னா நீயே பாத்துக்கோ" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பேனா கையில் இருந்தது, நேரமும் இருந்தது. முதல் அத்தியாயத்திலிருந்து ஆரம்பித்தேன். உங்கள் மூன்றாம் அத்தியாயத்தில் சோடியம் விளக்கின் அலைநீளம் பத்து மடங்கு கூட இருக்கிறது. ஐந்தாவதில் கூட்டல் குறி வர வேண்டிய இடத்தில் கழித்தல். எட்டாவதில் படம் தலைகீழ். பதினோராவதில், கருத்தரங்கில் விட்ட அதே இரண்டை மறுபடியும் விட்டிருக்கிறீர்கள். ஏழு வருடம் ஆகிறது, அதைச் சரிபார்த்திருக்க வேண்டாமா? ஒரு அத்தியாயம்கூடத் தப்பில்லாமல் இல்லை. ஒவ்வொன்றிலும் தப்பை ஓரத்தில் திருத்தினேன். தலைப்புக்குக் கீழே 'திருத்தியவர்: லோகநாயகி, எம்.எஸ்ஸி., ஆவடி' என்று அச்செழுத்து மாதிரி எழுதினேன்.

மதுரைவீரன் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார். "பன்னெண்டுலயும் ஒம்பேரு வந்துச்சு. அப்ப அட்டைல மட்டும் இன்னாத்துக்கு உட்டுட்ட?" என்று கேட்டார். நான் அதை நினைக்கவே இல்லை. அவர் அப்படிக் கேட்டதும் புத்தகத்தை மூடி அட்டையைத் திருப்பினேன். அவரே மேஜை டிராயரிலிருந்து தடித்த மை பேனாவை எடுத்துக் கொடுத்தார். உங்கள் பெயருக்குப் பக்கத்தில் நிறைய இடம் இருந்தது.

நம் மாவட்டத்துக்கு வந்தது எழுபத்திரண்டு பிரதி. ஊர்ப்பட்டியலையும் அவரிடமே வாங்கிக்கொண்டேன். பட்டாபிராம், ஆவடி, அம்பத்தூர், திருநின்றவூர் முடிந்துவிட்டன. அடுத்த திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் பூந்தமல்லிக்கு வருகிறேன். அங்கே இரண்டு பிரதி இருக்கிறதாம். வேண்டுமானால் நூலகத்துக்கு வாருங்கள், எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம்.

லோகநாயகி